கிவ் அப் டுமாரோ: தீர்ப்புக்கு முந்தைய தீர்ப்பு

நீதிமன்ற நாடகங்களில் நமக்குப் பழகிப்போன ஓர் அமைப்பு உண்டு. கடைசி அரைமணி நேரத்தில் எதிர்பாராத ஒரு சாட்சி கூண்டில் ஏறுவார். முடிச்சு அவிழும். பார்வையாளன் நிம்மதியாக வீடு திரும்புவான். பிலிப்பைன்ஸின் செபு நகரத்து வழக்கொன்றைப் பற்றிய 'கிவ் அப் டுமாரோ' (2011) என்ற ஆவணப்படத்தில் இது தலைகீழாகிறது. சாட்சிகள் தொடக்கத்திலிருந்தே இருக்கிறார்கள், அதுவும் முப்பதுக்கும் மேற்பட்டவர்கள். அவர்களை நம்பத்தான் ஆளில்லை.

1997 ஜூலை 16 இரவு செபுவில் சியோங் குடும்பத்துச் சகோதரிகள் இருவர் காணாமல் போனார்கள். இரண்டு நாள் கழித்து கார்கார் என்ற ஊரின் பள்ளத்தாக்கில் ஓர் இளம்பெண்ணின் சடலம் கைவிலங்குடன் கிடைத்தது. அது இளையவருடையது என்று நீதிமன்றம் பின்னர் ஏற்றுக்கொண்டது. மூத்தவர் கிடைக்கவேயில்லை. ஏழு இளைஞர்கள் குற்றஞ்சாட்டப்பட்டார்கள். அவர்களில் ஒருவர் பாக்கோ லாரன்யாகா. வயது பத்தொன்பது. அப்போது அவர் மணிலாவை அடுத்த கேசோன் நகரத்தில் சமையற்கலை படித்துக்கொண்டிருந்தார். செபுவுக்கும் அதற்கும் இடையே கடல் இருக்கிறது. அன்றிரவு அவர் தங்களோடுதான் இருந்தார் என்று வகுப்புத் தோழர்கள் சொன்னார்கள். மறுநாள் தேர்வு எழுதினார் என்று ஆசிரியர்கள் சொன்னார்கள். எதிர்த்தரப்பின் கையில் முக்கியமாக இருந்தது, சம்பவம் நடந்து பல மாதங்கள் கழித்து அப்ரூவராக மாறிய ஒருவரின் வாக்குமூலம்.

1999 மே மாதம் ஆயுள்தண்டனை விதிக்கப்பட்டது. மரணதண்டனை கிடைக்கவில்லையே என்று வெளியே ஆத்திரம் கிளம்பியது. அந்த ஆண்டு அக்டோபரில், தீர்ப்பளித்த நீதிபதி விடுதி அறையொன்றில் துப்பாக்கிக் குண்டுக் காயத்துடன் இறந்து கிடந்தார். தற்கொலை என்று முடிவு கட்டப்பட்டது. 2004 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தண்டனையை விஷ ஊசி மரணமாக உயர்த்தியது.

படத்தைப் பார்க்கிற எவருக்கும் எழும் முதல் கேள்வி, இத்தனை பேர் எப்படி இதை நம்பினார்கள் என்பது. அறியாமை, மூர்க்கம், பத்திரிகைகளின் பரபரப்பு என்று எளிதாகச் சொல்லிவிடலாம். எனக்கு அது போதுமானதாகத் தோன்றவில்லை. அந்தக் கூட்டத்தை இயக்கியவை பெரும்பாலும் நல்லுணர்ச்சிகள். மகள்களை இழந்து தொலைக்காட்சியில் கதறிய தாயின்மீது கொண்ட இரக்கம் ஒன்று. பணமும் செல்வாக்கும் உள்ளவர்கள் சட்டத்தின் பிடியிலிருந்து நழுவிவிடுகிறார்கள் என்ற நெடுநாள் கோபம் இன்னொன்று. அந்தக் கோபம் பொய்யானதல்ல. பிலிப்பைன்ஸின் அரசியலை மேலோட்டமாக அறிந்தவர்களுக்கும் அதன் நியாயம் புரியும். லாரன்யாகா, நாட்டுக்கு ஒரு ஜனாதிபதியைத் தந்த ஒஸ்மென்யா குடும்பத்தோடு தாய்வழி உறவுள்ளவர். தந்தை ஸ்பானியர். ஆகிருதியான உடல், கலப்பினத் தோற்றம். ஊரில் நல்ல பெயரும் இல்லை. அங்குள்ள மெலோடிராமாக்களில் வில்லனை 'கொன்ட்ராபிடா' என்பார்கள். பணக்கார வீட்டின் அடங்காத பிள்ளை அதில் தேய்ந்துபோன பாத்திரம். எழுதி முடித்த கதைக்குள் ஒரு முகம் பொருத்தப்பட்டது, அவ்வளவுதான். எளியவர்களின் பக்கம் நிற்கிறோம் என்று மனதார நம்பியவர்கள்தான் அவரைத் தூக்கிலிடச் சொன்னார்கள்.

அவசரத் தீர்ப்பு என்றதும் நமக்குச் சிலப்பதிகாரத்துப் பாண்டியன் நினைவுக்கு வருவான். அரசியின் ஊடல் தீர்க்க விரைந்தவன், ஒரு பொற்கொல்லனின் சொல்லைக் கேட்டுக் கணப்பொழுதில் ஆணையிட்டான். செபுவில் அப்படி எதுவும் நடக்கவில்லை. கைது, விசாரணை, மேல்முறையீடு, மறுசீராய்வு என்று எட்டு ஆண்டுகள் ஓடின. ஆகவே அவசரத்தைக் கடிகாரத்தால் அளக்க முடியாது என்று நினைக்கிறேன். முடிவு முதல் வாரத்திலேயே எடுக்கப்பட்டுவிட்டால், மீதி ஆண்டுகள் அதற்குக் காகிதம் சேர்ப்பதில் கழியும். விசாரணையின் நடுவே விலகிக்கொண்ட எதிர்வாதி வழக்கறிஞர்கள் நீதிமன்ற அவமதிப்புக்காகக் காவலில் வைக்கப்பட்டு, அரசு வழக்கறிஞர்கள் அவர்களிடத்தில் நியமிக்கப்பட்டதை அப்படித்தான் புரிந்துகொள்ள முடிகிறது. 2006இல் ஐ.நா. மனித உரிமைக் குழு, இந்த வழக்கில் நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது என்று கூறியது.

முப்பது பேரின் சாட்சியம் எப்படித் தள்ளப்பட்டது? இங்கேதான் சட்டத்தின் நுணுக்கமான ஓர் இடம் வருகிறது. குற்றம் நடந்த வேளையில் நான் வேறிடத்தில் இருந்தேன் என்ற வாதத்தை ஆங்கிலச் சட்டமரபில் 'அலிபி' என்பார்கள். வாதங்களில் அதுவே மிகப் பலவீனமானது என்பது பிலிப்பைன்ஸ் தீர்ப்புகளில் மீண்டும் மீண்டும் வரும் வாக்கியம். வேறிடத்தில் இருந்தால் மட்டும் போதாது, சம்பவ இடத்துக்கு வந்திருக்கவே முடியாது என்றும் நிறுவ வேண்டும். மணிலாவிலிருந்து செபுவுக்கு விமானத்தில் ஒருமணி நேரம்தானே என்றது நீதிமன்றம். தோழர்களின் சாட்சியமா, தோழர்கள் அப்படித்தான் சொல்வார்கள். ஒருவன் ஓர் இரவில் எங்கே இருந்தான் என்று அவனுடைய நண்பர்களும் ஆசிரியர்களும் உறவினர்களும் அல்லாமல் வேறு யாருக்குத் தெரியும்?

இந்தக் கேள்விக்கான விடை அதே உச்ச நீதிமன்றத்திலிருந்து, வேறொரு வழக்கில் வந்தது. 1991இல் மணிலாவை ஒட்டிய பரன்யாக்கேயில் விஸ்கோண்டே குடும்பத்தின் தாயும் இரு மகள்களும் கொல்லப்பட்டார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து ஒரு பெண் சாட்சியாக முன்வந்து, செனட்டர் ஒருவரின் மகன் ஹூபர்ட் வெப்பின் பெயரைச் சொன்னார். அப்போது அமெரிக்காவில் இருந்தேன் என்றார் வெப். கடவுச்சீட்டையும் குடியேற்ற ஆவணங்களையும் காட்டினார். 2000இல் தண்டனை விதிக்கப்பட்டது. 2010 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தபோது நீதிபதி ராபர்ட்டோ அபாத் எழுதிய கருத்து கவனிக்கத்தக்கது. எல்லா மறுப்புகளையும் இட்டுக்கட்டியவை என்று கொள்ளக்கூடாது. குற்றஞ்சாட்டப்பட்டவர் உண்மையிலேயே நிரபராதி என்றால், நான் செய்யவில்லை, நான் அங்கே இல்லை என்பதைத் தவிர அவரிடம் சொல்வதற்கு வேறெதுவும் இருக்க முடியாது என்பது அதன் சாரம். குற்றவாளிக்கு ஆயிரம் கதைகள் சொல்ல முடியும். நிரபராதியிடம் இருப்பது இந்த ஒரே வாக்கியம். அதையே பலவீனமானது என்று முன்கூட்டி அறிவித்துவிட்டால் அவன் எதைக் கொண்டு பேசுவான்?

இதைச் சொல்லும்போது படத்தைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். மைக்கேல் காலின்ஸ் இயக்கிய இப்படத்தின் தயாரிப்பாளர் மார்ட்டி சிஹுகோ, லாரன்யாகா குடும்பத்துக்குத் திருமண வழியில் உறவு. படம் ஒருவகையில் எதிர்வாதியின் மனு. அதை மறைக்க அவர்கள் முயலவில்லை. ஆனால் படம் போகிறபோக்கில் வேறு சிலர்மீது ஐயத்தைத் தூவிச் செல்கிறது. அவர்களுக்குக் கூண்டும் இல்லை, வழக்கறிஞரும் இல்லை. துயரத்தில் இருக்கும் தாயின் சிரிப்பையும் ஒப்பனையையும் காட்டும் காட்சிகளில், பார்வையாளனின் மனம் தன்னையறியாமல் அவருக்கு எதிராக ஒரு குற்றப்பத்திரிகை எழுதத் தொடங்குகிறது. 2018இல் இதே வழக்கை அரசுத் தரப்பின் பார்வையில் சொன்ன ஒரு கதைப்படம் வெளியானபோது, அதை எதிர்த்தவர்கள் ஆவணப்படத்தைத் தேடிப் பார்த்தார்கள். இணையத்தில் அலை திரும்பியது. இருபது ஆண்டுகளாக ஒரு முகவரிக்குப் போய்க்கொண்டிருந்த வெறுப்பு புதிய முகவரிக்குப் போகத் தொடங்கியது. முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவது தவறென்று சொல்லும் படத்தைப் பார்த்துவிட்டு, இன்னொரு முகத்தைப் பார்த்துத் தீர்ப்பெழுதுவோமானால் நாம் அதைப் பார்க்கவே இல்லை.

நிதானம் வேண்டும் என்பது பாதிக்கப்பட்டவர்களுக்கு எதிரானதாகாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. விஸ்கோண்டே வழக்கின் முடிவைத்தான் பதிலாகச் சொல்லத் தோன்றுகிறது. மரபணுச் சோதனைக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, தடயத்தையே காணோம். வெப் வெளியே வந்தார். மனைவியையும் இரு மகள்களையும் இழந்த லாரோ விஸ்கோண்டே, கொன்றவர் யார் என்று நீதிமன்றம் சொல்லாமலேயே 2016இல் இறந்துபோனார். தவறான ஆளைப் பிடித்தவுடன் தேடல் நின்றுவிடுகிறது. பாதிக்கப்பட்டவருக்காக அவசரப்படுகிறவர்கள், கடைசியில் அவரையே கைவிடுகிறார்கள்.

லாரன்யாகா குற்றமற்றவர் என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. தண்டனை அப்படியே நிற்கிறது. 2006இல் பிலிப்பைன்ஸ் மரணதண்டனையை ஒழித்ததால் உயிர் தப்பினார். 2009இல் ஸ்பெயின் சிறையொன்றுக்கு மாற்றப்பட்டார். சிறைநாட்களைக் கடக்க அவர் தனக்குத்தானே சொல்லிக்கொண்டதுதான் படத்தின் தலைப்பு: மனம் தளர்வதை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். நம்மிடம் கேட்கப்படுவது அதைவிட எளிது. தீர்ப்பை நாளைக்கு வைத்துக்கொண்டு, இன்றைக்கு அந்த முப்பது பேர் சொல்வதைக் கேட்டால் போதும்.