பரிசில் பாதி, அட்டையில் இல்லை

ஓல்கா தொகார்ச்சுக்கின் 'ஃப்ளைட்ஸ்' நாவல் 2018இல் மேன் புக்கர் சர்வதேசப் பரிசை வென்றது. 50,000 பவுண்டு பரிசுத் தொகையை, நாவலாசிரியரும் அதை போலிஷிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்த ஜெனிஃபர் கிராஃப்டும் சரிபாதியாகப் பெற்றார்கள். ஆனால் புத்தகத்தின் முன்னட்டையில் கிராஃப்டின் பெயர் இல்லை. நடுவர்கள் பாதிப் படைப்பாளி என்று ஏற்றுக்கொண்டவருக்கு அட்டையில் ஒரு வரி ஒதுக்கப் பதிப்பாளர்களுக்கு மனம் வரவில்லை. இந்த வழக்கம் மாற வேண்டும். பெயரோடு ராயல்டியிலும் மொழிபெயர்ப்பாளருக்குப் பங்கு வேண்டும்.

இதை வெறும் மரியாதைப் பிரச்சினையாகச் சுருக்கிவிட முடியாது. அந்த நாவல் போலந்தில் வெளியானது 2007இல். லண்டனில் ஃபிட்ஸ்கரால்டோ பதிப்பகம் ஆங்கிலத்தில் வெளியிட்டது 2017இல். இடைப்பட்ட ஆண்டுகளில் மாதிரிப் பக்கங்களோடு பதிப்பாளர் தேடி அலைந்தவர் கிராஃப்ட்தான். தொகார்ச்சுக்குக்கு நோபல் அறிவிக்கப்பட்டது அதற்கும் பிறகு, 2019இல். புத்தகத்தைக் கண்டெடுப்பது, பரிந்து பேசுவது, நிராகரிப்புகளைத் தாங்குவது என்று முகவர் செய்ய வேண்டிய வேலையையும் மொழிபெயர்ப்பாளர் செய்கிறார். கிராக்கோவிலுள்ள போலந்துப் புத்தக நிறுவனம், அரசுப் பணத்தில், மாதிரி மொழிபெயர்ப்புக்குக்கூட உதவித்தொகை தருகிறது. இந்த உழைப்பின் விலை போலந்து அரசுக்குத் தெரிந்திருக்கிறது.

எழுத்து வேலையோ இன்னும் கடினம். தொகார்ச்சுக்கின் இன்னொரு நாவலான 'டிரைவ் யுவர் ப்ளோ ஓவர் த போன்ஸ் ஆஃப் த டெட்', வில்லியம் பிளேக்கின் வரியைத் தலைப்பாகக் கொண்டது. அதன் பாத்திரங்கள் பிளேக்கின் கவிதையை போலிஷில் பெயர்க்க முயன்று, ஒரே பத்தியைப் பல விதமாக எழுதிப் பார்க்கிறார்கள். ஆங்கிலக் கவிதையின் அந்த போலிஷ் வடிவங்களை மறுபடி ஆங்கிலத்தில், அதுவும் ஒவ்வொன்றும் வேறுவேறாக ஒலிக்கும்படி தர வேண்டும். மூலத்தை எடுத்து ஒட்டினால் காட்சியே செத்துவிடும். அன்டோனியா லாயிட்-ஜோன்ஸ் அதைச் சாதித்தார். அந்தப் பக்கங்களில் நாம் படிக்கும் ஆங்கிலம் அவருடையது.

மொழிபெயர்ப்பாளரைப் பொருட்படுத்தாவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஸ்தனிஸ்லாவ் லெமின் 'சோலாரிஸ்' சாட்சி. 1961இல் வந்த நாவலின் ஆங்கில வடிவம் 1970இல் பிரெஞ்சு வழியாகச் சுற்றி வந்தது. லெமுக்கு அதில் திருப்தி இல்லை. பில் ஜான்ஸ்டன் போலிஷிலிருந்து நேரடியாகச் செய்த மொழிபெயர்ப்பு வெளிவர 2011 ஆயிற்று. அப்போது லெம் உயிரோடு இல்லை.

2021இல் கிராஃப்டும் நாவலாசிரியர் மார்க் ஹேடனும் சேர்ந்து, மொழிபெயர்ப்பாளர் பெயர் அட்டையில் வேண்டும் என்று பகிரங்கக் கடிதம் விடுத்தார்கள். அட்டையில் இரண்டாவது பெயரைப் பார்த்தால் வாசகர் மிரண்டுவிடுவார் என்பது பதிப்புத் துறையின் பழைய வாதம். தொகார்ச்சுக்கின் 'த புக்ஸ் ஆஃப் ஜேக்கப்' ஆங்கிலத்தில் 900 பக்கங்களைத் தாண்டுகிறது. பக்க எண்கள் தலைகீழாக ஓடுகின்றன. அதற்கு மிரளாதவரா ஒரு பெயருக்கு மிரளப்போகிறார்? அமெரிக்கப் பதிப்பில் கிராஃப்டின் பெயரை முன்னட்டையிலேயே அச்சிட்டார்கள்.

சிறு பதிப்பகங்களின் பணமுடை உண்மையானது. துணிந்து போலிஷ் எழுத்தை வெளியிட்டவர்களில் பலர் அவர்கள்தான். ஆனால் ராயல்டி என்பது விற்றபின் தரும் பங்கு, முன்கூட்டிக் கொட்ட வேண்டிய முதல் அல்ல. நோபல் வந்து விற்பனை எகிறும்போது, சொல்லுக்கு இவ்வளவு என்று ஒரே தடவை கூலி வாங்கியவர் மட்டும் வேடிக்கை பார்ப்பது எந்த ஊர் நியாயம்?

தமிழ்ப் பதிப்பாளர்களுக்கும் இதில் பங்குண்டு. போலிஷ் எழுத்து பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியாகத்தான் தமிழுக்கு வருகிறது. அப்படி வரும் புத்தகத்தின் அட்டையில் தமிழில் தந்தவரின் பெயரும், உள்ளே எந்த ஆங்கிலப் பதிப்பிலிருந்து, யாருடைய மொழிபெயர்ப்பிலிருந்து எடுக்கப்பட்டது என்ற விவரமும் இருந்தாக வேண்டும்.