கணினிக்கு வயல்மொழி கற்பிப்போம்

தஞ்சாவூரில் தமிழ்ப் பல்கலைக்கழகம் 1981-இல் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே, ரஷ்ய மொழியிலிருந்து தமிழுக்குக் கணினி வழியே மொழிபெயர்க்கும் ஆய்வு அங்கே நடந்தது. கணினியே அரிதாக இருந்த காலம் அது. பின்னாளில் இந்திய மொழிகளுக்கிடையிலான ‘சம்பர்க்’ மொழிபெயர்ப்புத் திட்டத்திலும் அப்பல்கலைக்கழகம் பங்கேற்றது. இந்த முன்னோடிப் பணியைத் தமிழ்நாடு உரிய அளவில் கொண்டாடவே இல்லை.

அன்று இலக்கண விதிகளையும் அகராதியையும் மனிதர்களே எழுதிக் கொடுத்தார்கள். இன்று ஒரே செய்தியை இரு மொழிகளில் சொல்லும் வாக்கிய இணைகளை லட்சக்கணக்கில் படித்துக் கணினியே கற்றுக்கொள்கிறது. பிராக் நகரின் சார்லஸ் பல்கலைக்கழகத்தில் 2012-இல் உருவான ஆங்கிலம்-தமிழ்த் தொகுப்பில் சுமார் 1.7 லட்சம் இணைகள் இருந்தன. அத்தனையும் செய்தி, சினிமா, விவிலியம். சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு 2021-இல் வெளியிட்ட ‘சமானந்தர்’ தொகுப்பிலோ 11 இந்திய மொழிகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 5 கோடி இணைகள். பெரும் பாய்ச்சல்தான். ஆனால், காவிரி டெல்டா விவசாயியின் தேவைக்கு இது போதுமா?

ஐப்பசி மழையில் குறுவை நெல் நனைகிறது. ஈரப்பதம் 17 விழுக்காட்டைத் தாண்டினால் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மறுக்கிறார்கள். வரம்பைத் தளர்த்தும் அதிகாரம் தில்லியிடம் இருக்கிறது; ஆணை ஆங்கிலத்தில் வருகிறது. நெல்லைக் குவித்துவிட்டுத் தார்ப்பாயோடு காவல் இருப்பவர் அதைக் கைப்பேசியில் தமிழாக்கிப் பார்க்கிறார் என்று வைத்துக்கொள்வோம். எத்தனை விழுக்காடு வரை, எந்தத் தேதி வரை, எந்த மாவட்டத்துக்கு, விலையில் பிடித்தம் உண்டா? இவற்றில் ஒன்று பிசகினாலும் நட்டம் அவருக்குத்தான். எதிர்மறை ஒன்று விடுபட்டால் ஆணையே தலைகீழாகிவிடும்.

மொழிபெயர்ப்புக் கருவிகளுக்கு ஆய்வாளர்கள் போடும் மதிப்பெண்ணில் இந்தப் பிசகு தெரியாது. 200 மொழிகளுக்காக மெட்டா நிறுவனம் 2022-இல் விரிவாக்கிய ‘புளோரஸ்’ சோதனைத் தொகுப்பின் வாக்கியங்கள் விக்கி தளங்களின் செய்தி, பயணக் குறிப்பு, சிறுவர் நூல் பகுதிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. அதில் முதலிடம் பெறும் கருவிக்குத் தாளடியும் நாற்றங்காலும் முறைப்பாசனமும் விளங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

இவற்றைக் கணினிக்குக் கற்பிக்க வேண்டிய உரைகள் நம்மிடமே இருக்கின்றன. வேளாண் துறையின் கொள்கை விளக்கக் குறிப்பு ஆண்டுதோறும் இரு மொழிகளிலும் வருகிறது; 2021 முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையும் அப்படியே. கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் இணையதளத்திலும் இரு மொழிக் குறிப்புகள் குவிந்துள்ளன. ஒருங்குறியை (யூனிகோட்) கணினித் தமிழ் எழுத்துக்கான தரமாக அரசு 2010-இலேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருவில் உள்ள ஆவணத்தைப் படியெடுத்து ஒட்டினால், தமிழுக்குப் பதில் புரியாத குறிகளே வருகின்றன. கணினி எதைப் படிக்கும்?

அரசு இந்த ஆவணங்களை ஒருங்குறிக்கு மாற்றி, வாக்கியத்துக்கு வாக்கியம் இணைத்து, எவரும் பயன்படுத்தும்படி பொதுவில் வைக்க வேண்டும். 1922-இல் தொடங்கிய ஆடுதுறை நெல் ஆராய்ச்சி நிலையமும் தமிழ்ப் பல்கலைக்கழகமும் கைகோத்து நெல் சாகுபடிக்கென ஒரு சோதனைத் தொகுப்பை உருவாக்க வேண்டும். அதைக் கொண்டு கருவிகளுக்கு மதிப்பெண் போடும் குழுவில் விவசாயிகளும் விவசாயத் தொழிலாளர்களும் ஊதியத்தோடு இடம்பெற வேண்டும். அடுத்த வேளாண் நிதிநிலை அறிக்கையிலேயே இதற்கு நிதி ஒதுக்குங்கள்.