ஒன்பது இடம், பதினாறு ரசீது

அமெரிக்காவில் 11, 12 வயதுப் பிள்ளைகளின் கால்பந்தில் பக்கத்துக்கு 9 பேர். முப்பது நிமிடம், இடைவேளை, மறுபடி முப்பது நிமிடம். கோல்கீப்பரை விட்டுவிட்டால் களத்தில் 8 பேர். எட்டுப் பேருக்கு 60 நிமிடம் வீதம் மொத்தம் 480 நிமிடம். அணியில் 16 பேர் வரை பதிவு செய்துகொள்ளலாம். கீப்பர் போக மீதி 15 பேருக்கும் அந்த 480 நிமிடத்தை நூலளவு பிசகாமல் பங்கிட்டாலும் ஆளுக்கு 32 நிமிடம்தான் தேறும். அப்படிப் பங்கிடும் பயிற்சியாளர்கள் அரிது. கெட்டிக்காரர்கள் என்று அவர் நினைக்கும் 5 பேர் முழு நேரமும் ஆடினால் 300 நிமிடம் அவர்களோடு போய்விடும். மிச்சம் 10 பேருக்கு, தலா 18 நிமிடம்.

இந்த 18 நிமிடத்துக்குக் குடும்பம் கொடுக்கும் விலை கொஞ்சமில்லை. போட்டி ஆட்டங்களுக்கென்றே நடத்தப்படும் பல கிளப்களில் ஆண்டுக் கட்டணம் 2,000 டாலரைத் தாண்டும். சீருடை, டோர்னமென்ட் பயணம், ஓட்டல் அறையெல்லாம் தனிக் கணக்கு. டல்லாஸிலும் நியூ ஜெர்சியிலும் குடியேறிய தமிழ்க் குடும்பங்களுக்கும் இந்தக் கணக்கு நன்றாகவே தெரியும். சனிக்கிழமை விடிவதற்குள் காரை எடுத்து, மைதானத்தின் ஓரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தால், கண் ஆட்டத்தைவிடக் கடிகாரத்தில்தான் அதிகம் இருக்கும். ஆட்டம் முடிந்த கையோடு பயிற்சியாளரிடம் போய் நியாயம் கேட்கவும் வழியில்லை. 24 மணி நேரம் கழித்துத்தான் பேச வேண்டும் என்று பல கிளப்கள் விதி வைத்திருக்கின்றன. நல்ல விதிதான், ரத்தம் சூடாக இருக்கும்போது யாரும் பேசாமல் இருப்பதே மேல். ஆனால் சூடு தணிந்த பிறகும் பெற்றோர் கேட்கும் கேள்வி மாறுவதில்லை: “என் பையனை ஏன் கூடுதல் நேரம் இறக்கவில்லை?” அவர்கள் கேட்க மறக்கும் கேள்வி இன்னொன்று. இந்த அணியில் ஏன் 16 பேர்?

பெஞ்சில் யார் உட்காருவது என்பதைத்தான் பயிற்சியாளர் முடிவு செய்கிறார். பெஞ்ச் எவ்வளவு நீளம் என்பது அதற்கு மாதக்கணக்கில் முன்பே, கோடையின் தொடக்கத்தில், கிளப் அலுவலகத்தில் முடிவாகிவிடுகிறது. மைதான வாடகையும் பயிற்சியாளர் சம்பளமும் 12 பேருக்கும் 16 பேருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். கட்டணம் 2,500 டாலர் என்று வைத்துக்கொண்டால், கூடுதலாகச் சேரும் நால்வர் 10,000 டாலரைக் கொண்டுவருகிறார்கள். சீட்டைவிட அதிகமாக டிக்கெட் விற்ற ஆம்னி பஸ்ஸில் நின்றுகொண்டு வருபவர் கண்டக்டரோடு சண்டை போடுவதுபோல, பெற்றோரின் கோபமெல்லாம் பயிற்சியாளர் மேல் பாய்கிறது. டிக்கெட் விற்றவர் அந்தப் பக்கமே வருவதில்லை.

கிளப்கள் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. காய்ச்சல், பள்ளிச் சுற்றுலா, கணுக்கால் சுளுக்கு என்று வாரா வாரம் இரண்டு பேராவது வரமாட்டார்கள். ஆள் குறைந்தால் ஆட்டமே கைவிட்டுப் போகும். சரி, அதற்கு 13 பேர் போதுமே? கீப்பர் போக 12 பேர் என்றால் சமப் பங்கு 40 நிமிடம். வராதவர்களைக் கழித்தால் இன்னும் கூடும்.

தொலைக்காட்சியில் பெரிய ஆட்டங்களைப் பார்த்துப் பழகிய வாசகருக்கு ஒரு சந்தேகம் வரலாம். மாற்று ஆட்டக்காரர்களுக்கு வரம்பு உண்டே, வெளியே போனவர் திரும்ப வர முடியாதே? சிறுவர் ஆட்டத்தில் அந்தத் தடை இல்லை. வெளியே வந்தவரை மறுபடி இறக்கும் சலுகையைச் சர்வதேச ஆட்ட விதிகளே இளையோருக்கு அனுமதிக்கின்றன. ஆகவே ஒரு பிள்ளை 50 நிமிடம் பெஞ்சிலேயே கிடந்தால் பழியை விதியின் மேல் போட முடியாது.

வேறு வழி தெரியாமலும் இல்லை. 1964-இல் கலிபோர்னியாவின் டோரன்ஸ் நகரில் தொடங்கிய ‘அமெரிக்கன் யூத் சாக்கர் ஆர்கனைசேஷன்’ முதலிலிருந்தே இரண்டு விஷயங்களில் பிடிவாதமாக இருந்தது. பதிவு செய்த ஒவ்வொரு பிள்ளையும் ஒவ்வோர் ஆட்டத்திலும் குறைந்தது பாதி நேரம் ஆட வேண்டும். அணிகள் ஆண்டுதோறும் பலம் சமமாக இருக்கும்படி புதிதாகப் பிரிக்கப்பட வேண்டும். தன்னார்வலர்களை நம்பி நடக்கும் அமைப்பு இது. பயிற்சியாளர் பெரும்பாலும் யாரோ ஒரு பிள்ளையின் அப்பா அல்லது அம்மா. ஆட்டத்தின் தரம் ஏற்ற இறக்கமாக இருக்கும் என்பதும், துடிப்பான பிள்ளைகள் பத்து வயதுக்குள் கட்டண கிளப்புக்குத் தாவிவிடுகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் பாதி நேர உத்தரவாதம் பொழுதுபோக்கு ஆட்டத்துக்குத்தான், சீரியஸான ஆட்டத்துக்கு ஒத்துவராது என்ற வாதம் நிற்காது. அமெரிக்கக் கால்பந்து சம்மேளனம் 2007 முதல் 2020 வரை நடத்திய ‘டெவலப்மென்ட் அகாடமி’, நாட்டின் தலைசிறந்த இளைஞர்களைப் பொறுக்கி எடுத்த இடம். அங்கேயே, அணியில் இருக்கும் ஒவ்வொருவரையும் கால்வாசி ஆட்டங்களிலாவது தொடக்கத்திலேயே இறக்க வேண்டும் என்று விதி இருந்தது. ஆட்டம் ஆடித்தான் வரும் என்பதை உச்சியில் இருப்பவர்கள் ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நேரம் ஒரு பிரச்சினை என்றால், எந்த அணியில் போடுவது என்பது அதைவிடச் சிக்கலானது. 8, 9 வயதிலேயே ஓரிரு மாலைகளில் தேர்வு நடத்தி, பிள்ளைகளை முதல் அணி, இரண்டாம் அணி, மூன்றாம் அணி என்று பிரித்துவிடுகிறார்கள். ‘எலைட்’, ‘பிரீமியர்’ என்று பெயர்கள் பளபளக்கும். சில இடங்களில் நிறத்தின் பெயர். பெயரை எப்படி மாற்றினாலும் எது மேலே, எது கீழே என்பதைப் பிள்ளைகள் முதல் நாளே கண்டுபிடித்துவிடுவார்கள். பிறகு நல்ல பயிற்சியாளரும் நல்ல எதிரணியும் முதல் அணிக்குப் போவதால், ஆண்டு முடிவில் அந்தப் பிள்ளைகள் உண்மையிலேயே மேலானவர்களாகிவிடுகிறார்கள். அடுத்த தேர்வில் அதுவே சான்று.

அந்த மாலையில் பயிற்சியாளர் பார்ப்பது எதை? பெரும்பாலும் பிறந்த மாதத்தை.

1985-இல் ரோஜர் பார்ன்ஸ்லியும் அவருடன் சேர்ந்த ஆய்வாளர்களும் கனடாவின் ஐஸ் ஹாக்கி வீரர்களின் பிறந்த தேதிகளை எடுத்துப் பார்த்தபோது, வயதுப் பிரிவு தொடங்கும் ஜனவரியை ஒட்டிய மாதங்களில் பிறந்தவர்கள் குவிந்திருந்தார்கள். எட்டு வயதில் பதினொரு மாத வித்தியாசம் என்பது உயரத்திலும் ஓட்டத்திலும் சின்ன விஷயமா? அந்தக் கணக்கு கால்பந்துக்கும் அப்படியே பொருந்தியது. பெல்ஜியத்தில் நடந்தது இன்னும் அழுத்தமான சாட்சி. சர்வதேச அளவில் வயதுப் பிரிவின் தொடக்கம் 1997-இல் ஆகஸ்ட் 1-லிருந்து ஜனவரி 1-க்கு மாறியது. வெர்னர் ஹெல்சனும் சக ஆய்வாளர்களும் முன்பும் பின்பும் ஒப்பிட்டு 2000-இல் வெளியிட்ட ஆய்வின்படி, முன்பு ஆகஸ்டை ஒட்டிப் பிறந்த சிறுவர்களிடம் தெரிந்த ‘திறமை’ மாற்றத்துக்குப் பின் ஜனவரியை ஒட்டிப் பிறந்தவர்களிடம் தெரிய ஆரம்பித்தது. நாள்காட்டியில் ஒரு கோட்டை நகர்த்தினால் கூடவே நகர்ந்துவிடுகிற திறமையை நம்பித்தான் பிள்ளைகளை மேலே, கீழே என்று பிரிக்கிறார்கள்.

அமெரிக்காவில் இந்தக் கோடு இரண்டு முறை நகர்ந்திருக்கிறது. ஆகஸ்டில் தொடங்கிய வயதுப் பிரிவு பத்தாண்டுக்கு முன் ஜனவரிக்கு மாறியது. பள்ளி வகுப்புத் தோழர்கள் வேறு வேறு அணிகளில் சிதறினார்கள் என்று பெற்றோர் கொதித்தார்கள். 2026-27 பருவம் முதல் மறுபடி ஆகஸ்ட் 1 என்று பெரிய இளையோர் அமைப்புகள் அறிவித்துவிட்டன. ஆகஸ்டில் பிறந்த ஒரு சிறுமி இதுவரை தன் பிரிவின் இளையவர்களில் ஒருத்தி. இனி அவளே மூத்தவள். இரண்டாம் அணியில் இருந்தவள் முதல் அணிக்குப் போனால், பயிற்சியாளர் அவளுடைய ‘முன்னேற்றத்தை’ப் பாராட்டவும் கூடும்.

இந்த இடத்தில் ஹாரி கேன் பெயரைச் சொல்லாமல் கட்டுரை முடியாது போலிருக்கிறது. 1993 ஜூலை 28-இல் பிறந்தவர். செப்டம்பரில் தொடங்கும் இங்கிலாந்தின் பள்ளி ஆண்டுக் கணக்கில் தன் பிரிவின் கடைக்குட்டிகளில் ஒருவர். எட்டு வயதில் ஒரே பருவத்தோடு ஆர்சனல் கிளப் அவரை அனுப்பிவிட்டது. பின்னாளில் இங்கிலாந்துக்காக மிக அதிக கோல் அடித்தவரானார். கேட்கச் சுகமான கதைதான். ஆனால் இந்த மாதிரிக் கதைகள் ஒரு தீங்கும் செய்கின்றன: நிராகரிப்பு ஏதோ சத்துமருந்து என்று நம்பவைக்கின்றன. கேனோடு அதே வயதில் அனுப்பப்பட்டவர்களில் பெரும்பாலோர் எங்கே போனார்கள் என்பதற்கு யாரிடமும் கதை இல்லை.

நார்வே வேறு முடிவை எடுத்தது. சிறுவர் விளையாட்டுக்கான விதிகளை அந்நாட்டு விளையாட்டுக் கூட்டமைப்பு 1987-இலேயே வகுத்தது. 2007-இல் அவற்றுக்கு ‘உரிமை’ என்ற அந்தஸ்து கொடுத்தது. பிள்ளைக்கு 11 வயது ஆகும் ஆண்டுவரை புள்ளிப்பட்டியலோ தரவரிசையோ கிடையாது. 13 வயதுவரை தேசிய சாம்பியன்ஷிப் கிடையாது. தென்மேற்குக் கடற்கரைப் பக்கத்தில் பிரைனே என்ற சிற்றூரில் ஏறக்குறைய 40 பிள்ளைகள் ஒரே குழுவாக, யாரையும் வடிகட்டி அனுப்பாமல், ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே பயிற்சி எடுத்தார்கள். அவர்களில் ஒருவர், இன்று உலகின் முன்னணி ஆட்டக்காரர்களில் ஒருவரான எர்லிங் ஹாலண்ட். இன்னும் சிலரும் தொழில்முறை ஆட்டக்காரர்களானார்கள். ஒரு ஹாலண்டை வைத்து ஒரு முறையையே நிரூபித்துவிட முடியாது, கேனை வைத்து நிரூபிக்க முடியாததுபோலத்தான். ஆனாலும் சுமார் 55 லட்சம் பேர் வாழும் நாடு 1998-க்குப் பிறகு முதன்முறையாக 2026 உலகக் கோப்பைக்குத் தகுதி பெற்றிருக்கிறது. பிள்ளைகளிடம் மெத்தனமாக இருந்தால் நாடு தோற்றுப்போகும் என்று மிரட்டுபவர்களுக்கு இது சங்கடமான தகவல்.

ஜெர்மனிக்கு அந்த மிரட்டல் தலைகீழாக நேர்ந்தது. 2018, 2022 உலகக் கோப்பைகளில் முதல் சுற்றோடு வெளியேறிய நாடு, 2024-25 பருவத்திலிருந்து சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்தையே மாற்றிக் கட்டியது. ஆறேழு வயதில் இரண்டுக்கு இரண்டு, மூன்றுக்கு மூன்று. சின்னச் சின்ன கோல் வலைகள். வயது ஏற ஏற ஆட்கள் கூடுவார்கள். முறை வைத்து ஆள் மாறுவது ஆட்டத்தின் பகுதியாகவே இருக்கிறது. யாரை எப்போது எடுப்பது என்று பயிற்சியாளர் யோசிக்க வேண்டிய அவசியமே இல்லை. பக்கத்து பக்கத்தில் பல சிறு களங்கள்; சில நிமிட ஆட்டம் முடிந்ததும் ஜெயித்த அணி ஒரு களம் மேலே, தோற்ற அணி ஒரு களம் கீழே. அமெரிக்கப் பிள்ளைக்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கும் தரம் பிரிப்பு இங்கே ஒரே பிற்பகலில் பலமுறை நடக்கிறது, யாருக்கும் முத்திரை விழுவதில்லை. திறமைக்கேற்ற எதிரணி வேண்டும் என்ற நியாயமான ஆசையும் நிறைவேறிவிடுகிறது.

இந்தச் சீர்திருத்தத்தைக் கேலி செய்தவர்களில் முக்கியமானவர் டார்ட்மண்ட் கிளப்பின் தலைமை நிர்வாகியாக இருந்த ஹான்ஸ்-யோவாக்கிம் வாட்ஸ்கே. இனிப் பந்தே இல்லாமல் ஆடச் சொல்வார்கள் என்று 2023-இல் நக்கலடித்தார். பாவம், அந்த நகைச்சுவைக்குப் பத்து வயது ஆகியிருந்தது. கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் 12 வயதுக்குட்பட்டோர் ஆட்டங்களில் புள்ளிப்பட்டியலை நீக்கும் பேச்சு நடந்த 2013-இல், சிபிசி வானொலியின் நையாண்டி நிகழ்ச்சி ஒன்று, போட்டி மனப்பான்மையை ஒழிக்கப் பந்தையே எடுத்துவிட்ட ஒரு சங்கத்தைப் பற்றிச் ‘செய்தி’ வாசித்தது. அதை நிஜமென்று நம்பிக் கொதித்தவர்கள் ஏராளம்.

பந்தை யாரும் எடுக்கவில்லை. ஜெர்மனிக்காரர்கள் எடுத்தது பெஞ்சை.

பதினைந்து, பதினாறு வயதுக்கு இதெல்லாம் பொருந்துமா? பொருந்தாது. அந்த வயதில் இடத்துக்குப் போட்டி போடுவதும், இடம் கிடைக்காத வாரத்தில் பல்லைக் கடித்துக்கொண்டு பயிற்சிக்கு வருவதும் ஆட்டத்தின் ஒரு பாகம். பத்து வயதில் அதே பாடம் நடத்தினால், பாதிப் பேர் பாடம் முடியும் முன்பே வகுப்பை விட்டுப் போய்விடுவார்கள். அவர்களில் வயதுப் பிரிவின் கடைசி மாதங்களில் பிறந்தவரும் இருப்பார், உயரம் தாமதமாக வரப்போகிறவரும் இருப்பார்.

ஆகவே இடம் தருவதாகக் கடிதம் வந்தவுடன், எந்த லீக், எந்த டோர்னமென்ட் என்று விசாரிக்கும் பெற்றோர் ஒரு வரியை எழுத்தில் கேட்டு வாங்குவது நல்லது: இந்த அணியில் மொத்தம் எத்தனை பேர், குறைந்தபட்ச ஆட்ட நேரம் எவ்வளவு? நிமிடக் கணக்கைக் குறித்துவைக்க ஒரு தன்னார்வலரும் ஒரு நோட்டும் போதும். பருவ முடிவில் அதைப் பெற்றோர் முன் வைக்கத் தயங்கும் கிளப்பை நம்புவதற்கு முன் யோசிக்கலாம். வயதுக் கோடு ஆகஸ்டுக்குத் திரும்புவதால் 2026-27 பருவத்துக்கு ஏராளமான கிளப்கள் தம் அணிகளைக் கலைத்துப் புதிதாகப் பட்டியல் எழுதியாக வேண்டும். ஒன்பது பேர் ஆடும் வயதில் அந்தப் பட்டியலைப் பதின்மூன்றாவது பெயரோடு நிறுத்த எந்தச் சம்மேளனத்தின் அனுமதியும் தேவையில்லை. கிளப்பின் பொருளாளர் சம்மதித்தால் போதும்.