ரத்தத்தில் ஒரு சுமைதாங்கி

தமிழ்நாட்டின் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல்லை நேயர்கள் பலர் கண்டிருப்பார்கள். கர்ப்பவதியாகவே இறந்துபோன பெண்ணின் நினைவாக நாட்டப்படும் கல் அது. தலைச்சுமையுடன் வருபவர் பிறர் கையை எதிர்பாராமல் அதன்மீது சுமையை இறக்கி இளைப்பாறலாம். நம் ரத்தத்திலும் இத்தகைய சுமைதாங்கி ஒன்று உண்டு. அது குறைந்த தேகத்தில் ஹிருதய நோய் எளிதில் குடிபுகுகிறது என்று ஆராய்ச்சியாளர் கூறுவதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

ஆண்மைக்குரியதென்று சொல்லப்படும் டெஸ்டோஸ்டிரோனும், பெண்மைக்குரியதென்று சொல்லப்படும் எஸ்ட்ரோஜனும் இரு பாலாரின் தேகத்திலும் உள்ளவையே, அளவில்தான் பேதம். இந்த ஹார்மோன்கள் ரத்தத்தில் தன்னிச்சையாகத் திரிவது மிகச் சொற்பம். டெஸ்டோஸ்டிரோனில் நூற்றுக்கு 2 பங்கு அளவே கட்டின்றி உலவுகிறது. எஞ்சியதில் ஒரு பகுதியை ஈரல் உற்பத்தி செய்யும் ஒரு புரதம் இறுகப் பற்றிக்கொள்கிறது. மற்றதை ஆல்புமின் தளர்வாகத் தாங்குகிறது. அந்த முதற் புரதத்துக்குப் பாலின ஹார்மோன் பிணைப்புப் புரதம் என்று பெயர். வைத்தியர்கள் சுருக்கமாக எஸ்.எச்.பி.ஜி. என்பார்கள்.

பிரிட்டனில் 2006 முதல் 2010 வரை, 40 வயதுக்கும் 69 வயதுக்கும் இடைப்பட்ட சுமார் 5 லட்சம் பேர் தங்கள் ரத்தத்தையும் தேக விவரங்களையும் ஆராய்ச்சிக்கென மனமுவந்து அளித்தார்கள். அவர்களில் பெருந்தொகையினரின் விவரங்களைக் கொண்டு 2023-ல் ஓர் ஆராய்ச்சி வெளியாயிற்று. இப்புரதம் குறைந்தவர்களிடம், ஆணாயினும் பெண்ணாயினும், ஹிருதயத் தமனி நோய் அதிகம் காணப்பட்டது. 'பருத்தவர்களுக்கு இப்புரதம் குறைவது இயல்பாயிற்றே, குற்றம் கொழுப்பினுடையதன்றோ?' என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆகவே, பிறவியிலேயே இப்புரதம் கூடுதலாகவோ குறைவாகவோ அமைந்தவர்களின் மரபணுக்களையும் ஒப்பிட்டார்கள். அந்தச் சோதனையும் அதே திசையையே காட்டிற்று. நீரிழிவைக் குறித்து 2009-லேயே இத்தகைய முடிவு வந்திருந்தது. ஆயினும், இப்புரதத்தை மருந்தால் உயர்த்தினால் ஹிருதயம் காக்கப்படும் என்று எவரும் இன்னும் நிரூபிக்கவில்லை. அன்றியும், ஈரல் சுருங்கும் நோயிலும், தைராய்டு மிகையிலும் இது தானே உயரும். ஆகையால் மிகுதியெல்லாம் நன்மையென்று கொள்ளலாகாது.

இது ஏன் குறைகிறது? ஈரலில் கொழுப்புப் படிவது ஒரு முக்கியக் காரணம். மனித மரபணுவைப் புகுத்திய எலிகளுக்குச் சர்க்கரை வகைகளை மிகுதியாக ஊட்டியபோது, ஈரல் கொழுப்பை ஆக்குவதில் முனைந்து இப்புரத உற்பத்தியைக் குறைத்துக்கொண்டது என்று 2007-ல் கனடா ஆராய்ச்சியாளர் கண்டனர். கோதுமைப் பாலும் சர்க்கரையும் நெய்யும் கூடிய அல்வாவினால் புகழ் பெற்ற திருநெல்வேலிச் சீமையார் இதைச் சற்று நிதானித்துக் கேட்பது நலம். காரும் பிசானமும் விளையும் தாமிரபரணிக் கரையில் மூன்று வேளையும் அரிசி. இடையில் சர்க்கரையிட்ட காப்பி. வயலில் இறங்கி உழைத்த முன்னோருக்கு அது ஜீரணமாயிற்று. நாற்காலியில் அமர்ந்திருக்கும் நமக்கோ ஈரலில் தங்கிவிடுகிறது.

'நாம் ஒல்லிதானே' என்று ஆறுதல் கொள்வதற்குமில்லை. கை கால் மெலிந்து வயிறு மட்டும் முன்தள்ளும் தேகவாகு நம் தேசத்தாருக்குச் சகஜம். இந்தியர்களுக்கு இடுப்புச் சுற்றளவின் எல்லை ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 என்று வகுத்திருக்கிறார்கள். 2023-ல் வெளியான தேசிய ஆய்வின்படி, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேருக்கு மேல் நீரிழிவு உள்ளவர்கள்.

நம் மனத்தை உறுத்துவது மற்றொன்று. மாரடைப்பு ஆண்களின் வியாதி என்ற எண்ணம் நம் குடும்பங்களில் வேரூன்றியிருக்கிறது. கணவருக்கு நெஞ்சு வலித்தால் உடனே வண்டி வருகிறது. மனைவிக்கு மூச்சு வாங்கினால் 'வாயு' என்று சுக்குக் கஷாயம் வருகிறது. பெண்களுக்கு மாரடைப்பு சில சமயம் மூச்சுத் திணறலாகவும், குமட்டலாகவும், தாடை வலியாகவும், காரணமற்ற களைப்பாகவும் தோன்றும். மாதவிலக்குத் தவறிச் சினைப்பையில் நீர்க்கட்டிகள் உள்ள இளம் பெண்களிடம் இப்புரதம் குறைந்திருப்பது வழக்கம். அவர்களுக்கு விவாகத்தைப் பற்றிய கவலையோடு ரத்தச் சர்க்கரையைப் பற்றிய கவலையும் வேண்டும். ஆடவர்களோ, வீரிய லேகிய விளம்பரங்களை நம்பிக் காசை இறைக்காமல், ஈரலின் கொழுப்பைக் கரைக்க முயல்வார்களாக.

இப்புரதத்தை அளக்க எல்லோரும் பணம் செலவிட வேண்டியதில்லை. எடை குறைந்தால் அது பெரும்பாலும் தானே உயரும். இலைச் சோற்றில் ஒரு கைப்பிடி குறைத்து, காய்கறியைக் கூட்டி, நாள்தோறும் அரைமணி நேரம் விரைந்து நடந்தால் போதும். ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பார்த்துக்கொள்ளலாம். இடுப்பை அளப்பதற்கோ தையற்காரரின் நாடா ஒன்றே வேண்டும். இந்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்து வீட்டிலுள்ள எல்லோரையும் அளந்து பாருங்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உண்ணுகிறாரே, அவரிலிருந்து தொடங்குங்கள்.