மணிமங்கலத்தில் எத்தனை யானைகள்?

தமிழில் குறைந்த செலவில் எடுக்கப்படும் சரித்திரப் போர்ப்படங்களைப் பற்றி எழும் முதல் புகார் எப்போதும் ஒன்றுதான்: படை போதவில்லை. ஐம்பது பேர் ஓடுகிறார்கள். அதே ஐம்பது பேர் திரும்பி ஓடிவருகிறார்கள். கணிப்பொறி அவர்களை ஐயாயிரமாகப் பெருக்க முயல, பின்வரிசையில் நிற்பவர்கள் அனைவரும் ஒரே நொடியில் ஒரே கையை உயர்த்துகிறார்கள். அரங்கில் சிரிப்பு எழுகிறது. புகாரில் பொய்யில்லை. ஆயினும் நோயை விட்டுவிட்டு அதன் அறிகுறியைப் பிடித்துக்கொண்டு பேசுகிறோம் என்றே எங்களுக்குத் தோன்றுகிறது.

2023 ஏப்ரல் 21 அன்று ‘யாத்திசை’ வெளிவந்தது. ஒரே வாரத்தில், 28ஆம் தேதி, ‘பொன்னியின் செல்வன்’ இரண்டாம் பாகம் வந்தது. யானையின் காலடியில் முயல் என்றுதான் சொல்ல வேண்டும். ‘யாத்திசை’யின் இயக்குநர் தரணி ராசேந்திரனுக்கு நட்சத்திரமும் இல்லை, மூன்று தலைமுறை வாசித்த நாவலின் துணையும் இல்லை. ஏழாம் நூற்றாண்டில் ரணதீர பாண்டியனை எதிர்த்து எழும் எயினர் என்னும் சிறுகுடியின் கதை அது. எயினர்களைப் பழந்தமிழ்ச் சொற்களில் பேசவைத்து, தமிழ்ப் படத்துக்குத் தமிழிலேயே துணையெழுத்துப் போட்ட துணிவை வேறெங்கும் நாங்கள் கண்டதில்லை. கோட்டையைப் பிடிப்பதைவிடப் பிடித்த கோட்டையை வைத்துக்கொள்வது கடினம் என்பதை அப்படம் உணர்ந்திருக்கும் பகுதி உண்மையிலேயே நன்றாக இருக்கிறது.

குறை எங்கே என்றால், போர் மூண்டதும் எல்லோரும் ஒரே குரலில் உறுமத் தொடங்கிவிடுகிறார்கள். ஆள்பவனுக்கும் அடிபட்டவனுக்கும் சினம் ஒரே சுருதியில் வருகிறது. சொற்கள் பழையவை, வாக்கியத்தின் மூச்சு இன்றைய மேடைப்பேச்சினுடையது. பெண்கள் கதையின் ஓரத்திலேயே நின்றுவிடுகிறார்கள். இவற்றில் எதைச் சரிசெய்வதற்கும் பெரும்பணம் வேண்டியதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதைப் பற்றி நாங்கள் இத்தனை விசனப்படுவதற்குக் காரணம் உண்டு. பெருமுதல் எப்போதும் சோழப் பேரரசுக்கும் புகழ்பெற்ற நாவலுக்கும்தான் போகும். எயினனுக்கு யார் பணம் போடுவார்கள்? தோற்றவர்களின், சிறுகுடிகளின் வரலாறு திரைக்கு வர வேண்டுமானால் ஏழைப் படங்களின் வழியாகத்தான் வரும். அவை சிரிப்புக்கு இடமாகும்போது நஷ்டம் தயாரிப்பாளருக்கு மட்டும் உரியதன்று.

1959இலும் ஏறத்தாழ இதே கதைதான். பி.ஆர். பந்துலுவின் ‘வீரபாண்டிய கட்டபொம்மன்’ வண்ணத்தில், சிவாஜி கணேசனின் கர்ஜனையோடு வந்தது. போர்க்காட்சிகளுக்காக ஜெய்ப்பூர் வரை போனார்கள். அதே மே மாதத்தில் கண்ணதாசன் தயாரித்த ‘சிவகங்கைச் சீமை’ கறுப்பு வெள்ளையில் வந்து, வசூலில் தோற்றது. மருது சகோதரர்களின் கதைக்கு அதன் பிறகு அப்படியொரு வாய்ப்பு எளிதில் வாய்க்கவில்லை. நாங்கள் ‘கட்டபொம்ம’னைக் குறை சொல்லவில்லை. ஆனால் அன்று முதல் சரித்திரப் படம் என்றால் வெட்டவெளி, புழுதி, குதிரை, முழக்கம் என்று ஒரு அச்சு விழுந்துவிட்டது. பணம் இருந்தவர்கள் ஜெய்ப்பூரை நகலெடுத்தார்கள். இல்லாதவர்கள் புறநகர்ப் பொட்டலில் ஜெய்ப்பூரை நகலெடுத்தார்கள்.

தொண்டை மண்டலத்துப் போர் அப்படியா நடந்திருக்கும்? தாம்பரத்திலிருந்து முடிச்சூர் வழியாக மேற்கே போனால் மணிமங்கலம். முதலாம் நரசிம்மவர்மன் பரியளம், மணிமங்கலம், சூரமாரம் முதலிய போர்களில் இரண்டாம் புலிகேசியை முறியடித்து, அவன் புறமுதுகில் வெற்றி என்ற சொல்லைப் பொறித்தான் என்று முதலாம் பரமேசுவரவர்மனின் கூரம் செப்பேடு பேசுகிறது. கல்கி ‘சிவகாமியின் சபத’த்தில் மணிமங்கலப் போரை மகேந்திரன் காலத்துக்கு நகர்த்திக்கொண்டார், நாவலாசிரியருக்கு அந்த உரிமை உண்டு. அவ்வூரின் முகத்தில் முதலில் படுவது ஏரி. அடையாறே இந்த வட்டாரத்து ஏரிகளின் மிகைநீரில்தான் பிறக்கிறது. 2015 டிசம்பரில் முடிச்சூரை மூழ்கடித்தபோது அது தன் பழைய முகவரியை நினைவூட்டிச் சென்றது. கரையும் மதகும் சேறும் நாணலும் நிறைந்த நிலத்தில் குதிரைப்படை எப்படி விரையும்? யானைகளுக்கு எந்த ஏரியில் தண்ணீர் காட்டினார்கள்? பகைவன் வருமுன் மதகைத் திறந்துவிடுவதா, காப்பதா? கதிர் முற்றிய வயலை யார் அறுத்தார்கள்? சரித்திரப் படம் எடுக்கும் ஒருவராவது இந்தக் கேள்விகளைத் தமக்குள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. கேட்டிருந்தால் படை போதாமை ஒரு பொருட்டாகவே இருந்திராது. ஒரு மதகடியில் பத்துப் பேர் போதும்.

இதே வட்டாரத்துக் குன்றத்தூரில் பிறந்த சேக்கிழார் இந்தக் கலையை நன்கு அறிந்தவர். வாதாபிப் படையெடுப்பு எவ்வளவு பெரிய நிகழ்ச்சி! பெரியபுராணத்தில் அதற்குக் கிடைத்திருப்பது ஒரே ஒரு பாடல். நகரம் தூளாகிறது, கொள்ளைப் பொருள் வந்து சேர்கிறது, முடிந்தது. அதன் பிறகுதான் அவருக்கு வேலை தொடங்குகிறது. வென்று வந்த பரஞ்சோதியார் சிவனடியார் என்று அமைச்சர்கள் சொல்லக் கேட்ட மன்னன், இப்படிப்பட்டவரையா கொடும்போர் முனைக்கு அனுப்பினேன் என்று நடுங்குகிறான். வெற்றி விழாவில் வென்றவன் நடுங்கும் இந்தக் காட்சிக்கு ஒரு மண்டபமும் மூன்று நடிகர்களும் இருந்தால் போதும். நம் படங்களில் வெற்றிக்குப் பின் வருவது பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான்.

வெளியே பார்த்தாலும் இதுவே. ஆர்சன் வெல்ஸ் ‘சைம்ஸ் அட் மிட்நைட்’ (1965) எடுத்தபோது போர்க்களத்துக்கு அவருக்குக் கிடைத்தவர்கள் இருநூறு பேருக்கும் குறைவு. மூடுபனி, சேறு, துண்டுதுண்டான வெட்டுகள், கவசத்தின் பாரத்தில் தள்ளாடும் மனிதர்கள். திரையில் வந்த இடைக்காலப் போர்களில் அதற்கு ஈடானது மிகக் குறைவு. ‘மாண்டி பைதான்’ குழுவினரோ 1975இல் குதிரைக்குப் பணமில்லாமல் இரண்டு தேங்காய் ஓடுகளைத் தட்டிக் குளம்பொலி எழுப்பினார்கள், இல்லாமையே நகைச்சுவையாயிற்று. (நம்மிடம் அந்த வழியைத் தெரிந்தவர் சிம்புதேவன், 2006இல் புலிகேசி என்ற பெயரையே வடிவேலுவுக்குச் சூட்டிவிட்டார்.) இல்லாமையை மறைக்கப் பார்க்கும்போதுதான் அது பல்லிளிக்கிறது.

உடையைப் பற்றியும் ஒரு சொல். மூன்று நாள் காட்டில் நடந்த வீரனின் வேட்டி சலவைக்குப் போட்டு வாங்கியதுபோல் இருக்கிறது. எல்லா வாளும் ஒரே பட்டறையில் வெள்ளி வண்ணம் பூசப்பட்டவை. இதற்கெல்லாம் செலவில்லை, ஒரு வாரம் வெயிலும் மண்ணும் போதும்.

இனி யானைகள். மணிமங்கலத்து இராஜகோபாலப் பெருமாள் கோயிலில் இரண்டாம் இராஜேந்திர சோழனின் கல்வெட்டு ஒன்று உண்டு. 1054இல் நடந்த கொப்பத்துப் போரை அது விரிக்கிறது. அண்ணன் இராஜாதிராஜன் களத்தில் விழுந்த போர் அது. சாளுக்கியரிடமிருந்து கவர்ந்தவற்றைச் சொல்லும் இடத்தில் கல்வெட்டு யானைகளை எண்ணிக்கையோடு விட்டுவிடவில்லை, பெயர் சொல்கிறது. சத்துருபயங்கரன், கரபத்திரன், மூலபத்திரன். கணிப்பொறியில் அச்சடித்த நூறு யானைகளில் ஒன்றுக்காவது பெயர் உண்டா?

இதில் ஒரு படம் இருக்கிறது. கொப்பத்தில் பிடிபட்ட மூலபத்திரனைச் சோழ நாட்டுக்கு ஓட்டிவர வேண்டும். அது கன்னடத்தில் பழகிய யானை. தமிழ் பேசினால் திரும்பிக்கூடப் பார்க்காது. ஆகவே தோற்ற படையின் பாகனையும் உயிரோடு கூட்டிவந்தாக வேண்டும். அவன் அண்ணனையோ மகனையோ முந்தின நாள் வெட்டியவன்தான் இப்போது காவலாக உடன் நடக்கிறான். வழியெல்லாம் தீவனம் தேட வேண்டும். யானையை முழுதாகக் காட்ட வேண்டியதுமில்லை (விலங்கு நல வாரியத்தின் அனுமதிக்கு அலைவது வேறு பாடு). இருட்டில் ஒரு மணியோசை, ஒரு கால், ஓர் ஏரியில் நீர் உறிஞ்சும் சத்தம். இரண்டு ஆட்கள், பல நாள் நடை. காவலன் முதலில் கற்றுக்கொள்ளப்போவது ‘நில்’ என்பதற்கான கன்னடச் சொல்லாகத்தான் இருக்கும். அது தமிழிலும் ஏறத்தாழ அதே சொல்தான் என்று அவனுக்குத் தெரியவருவது எத்தனையாவது நாளில் என்பதை இயக்குநர் முடிவுசெய்துகொள்ளலாம்.