அழைத்தால் எடுப்பவர் யார்?

2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10-இன் ஆதரவுக் காலம் முடிந்தது. மறுநாள் காலை அந்தக் கணினிகள் எப்போதும்போலத் திறந்தன. கோப்புகள் வைத்த இடத்தில் இருந்தன, பிரிண்டர் வேலை செய்தது. உரிமத்தில் ஓர் எழுத்தும் மாறவில்லை. காசு கொடுத்து வாங்கியவருக்கு அதை ஓட்டும் உரிமை இன்றும் இருக்கிறது. நின்றுபோனது மாதந்தோறும் வந்துகொண்டிருந்த பாதுகாப்புத் திருத்தம். கட்டற்ற மென்பொருள் பக்கத்திலும் இதற்கு ஏறக்குறைய ஐந்தாண்டுகளுக்கு முன் இதே போன்ற ஒன்று நடந்தது. 2029 வரை பராமரிக்கப்படும் என்று நம்பி சர்வர்களில் ஏற்றப்பட்டிருந்த லினக்ஸ் இயங்குதளமான சென்ட்ஓஎஸ் 8, 2021 டிசம்பர் 31-உடன் முடிந்துவிடும் என்று 2020 டிசம்பர் 8 அன்று அறிவிப்பு வந்தது. அதன் ஜிபிஎல் உரிமம் அன்றும் அதே ஜிபிஎல்தான், மாறியது தேதி. ஒன்று விலைக்கு வாங்கியது, மற்றது விலையில்லாமல் கிடைத்தது. இரண்டிலும் நம் துறையினர் மாட்டிக்கொண்ட இடம் ஒன்றே: உரிமம் கையில் இருப்பதை ஆதரவும் கையில் இருப்பதாக எடுத்துக்கொண்டோம். யாரால் ஆதரவு தர முடியும் என்பதை உரிமத்தின் வகை தீர்மானிக்கும். யார் தரப்போகிறார், எதுவரை தரப்போகிறார் என்பதை அது சொல்லாது. அது தனியான வாக்குறுதி, தனியாகக் கேட்டு எழுதி வாங்க வேண்டியது.

விண்டோஸ் உரிமங்களிலிருந்தே தொடங்கலாம். நம் அலுவலகங்களில் குழப்பம் அங்கேதான் அதிகம். கணினியோடு வரும் ஓஇஎம், தனியாக வாங்கும் ரீடெய்ல், நிறுவனங்களுக்கான வால்யூம் என மூன்று வகையிலும் திரையில் தெரிவது ஒரே இயங்குதளம். கோளாறு வந்தால் தட்டவேண்டிய கதவு மட்டும் வேறு. ஓஇஎம் உரிமத்தில் ஆதரவுப் பொறுப்பு கணினியைச் செய்து விற்றவருடையது, மைக்ரோசாஃப்டுடையது அல்ல. பெரிய நிறுவனத்தின் மடிக்கணினி என்றால் அதன் உதவி எண்ணாவது இருக்கும். சென்னை ரிச்சி தெருவில் பாகங்கள் வாங்கி, அசெம்பிள் செய்து, சிஸ்டம் பில்டர் உரிமத்தை ஏற்றிக் கொடுப்பவர் என்றால், ஒப்பந்தப்படி ஆதரவு தரவேண்டியவர் அவரேதான். வாங்குபவர் அந்த ஒப்பந்தத்தைப் பார்ப்பதே அரிது. இன்னொன்று: ஓஇஎம் உரிமம் எந்தக் கணினியில் ஏறியதோ அந்தக் கணினியோடு முடியும். மதர்போர்டு பழுதாகி மாற்றினால் உரிமம் தொடரும். வேகம் வேண்டுமென்று புது மதர்போர்டு போட்டால் அது புதுக் கணினியாகவே கணக்காகும். ரீடெய்ல் உரிமத்தை வேறு கணினிக்குக் கொண்டுபோகலாம். வால்யூம் உரிமத்தில் உள்ள பள்ளம் இன்னும் ஆழமானது. டெஸ்க்டாப் விண்டோஸைப் பொறுத்தவரை அது மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. அடியில் தகுதியான ஒரு விண்டோஸ் உரிமம் ஏற்கெனவே இருக்க வேண்டும். டாஸ் மட்டும் போட்டு வரும் மலிவான கணினிகளை மொத்தமாக வாங்கி, மேலே வால்யூம் உரிமத்தை ஏற்றினாலும் அவை ஆக்டிவேட் ஆகிவிடும். கேஎம்எஸ் சர்வர் தரும் 180 நாள் அனுமதியும் தானாகப் புதுப்பித்துக்கொண்டே போகும். கீழே அடித்தளமே இல்லை என்பது தணிக்கை வரும் நாளில்தான் தெரியவரும்.

'ஆதரவு' என்ற சொல்லையும் பிரித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புத் துளைகளுக்குத் திருத்தம் வெளியிடுவது ஒரு வேலை. செயல்பாட்டுப் பிழைகளைச் சரிசெய்வது வேறு வேலை. தொலைபேசியை எடுத்து, நம் சர்வரில் இப்போது என்ன ஆயிற்று என்று உடனிருந்து பார்ப்பது மூன்றாவது. நம் ஊர் அலுவலகங்களில் இவற்றோடு ஏஎம்சி எனப்படும் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தமும் சேர்ந்துகொள்கிறது. ஏஎம்சி எடுத்தவர் பழுதான ஹார்ட்டிஸ்கை மாற்றுவார், வைரஸ் புகுந்தால் ஃபார்மட் செய்து மறுபடி எல்லாவற்றையும் ஏற்றித் தருவார். அவசியமான, மரியாதைக்குரிய வேலை அது. ஆனால் விண்டோஸின் மூலநிரல் அவரிடம் இல்லை. இயங்குதளத்தில் ஒரு துளை இருந்தால் அவரால் அதை அடைக்க முடியாது. அப்படியிருந்தும் கோப்பில் ஆதரவு என்ற கட்டத்துக்கு எதிரே 'ஏஎம்சி உண்டு' என்று எழுதி நகர்ந்துவிடுகிறோம். விண்டோஸ் 10-க்கு நிறுவனங்கள் காசு கட்டிப் பெறும் நீட்டித்த பாதுகாப்புத் திருத்தத் திட்டமான இஎஸ்யுவும் மேலே சொன்னவற்றில் முதல் வேலையை மட்டுமே செய்கிறது. பட்டியல் விலைப்படி ஒரு கணினிக்கு முதலாண்டு 61 டாலர், பிறகு ஆண்டுக்கு ஆண்டு இரட்டிப்பு. மூன்றாண்டுக்கு 427 டாலர். இரண்டாம் ஆண்டில் வந்து சேர்பவர் முதலாண்டுக்கும் சேர்த்துக் கட்ட வேண்டும். இவ்வளவு கட்டினாலும் பொதுவான தொழில்நுட்ப உதவி அதில் அடங்காது.

கட்டற்ற மென்பொருளை நம்புவோரிடமும் இதே பிழை வேறு உருவில் இருக்கிறது. 1991-இல் வந்த ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு, மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை என்று நேராகச் சொல்கிறது. அதே ஆவணத்தின் முதல் பிரிவு, விரும்பினால் கட்டணம் வாங்கிக்கொண்டு உத்தரவாதம் தரலாம் என்றும் சொல்கிறது. இந்த இரண்டு வரிகளையும் சேர்த்துப் படித்தால் ஒரு தொழிலின் வரைபடமே கிடைத்துவிடும். ரெட் ஹாட் வளர்ந்தது இந்த இடைவெளியில்தான்: நிரல் எல்லோருக்கும் பொது, அதைக் காப்பாற்றித் தரும் சந்தாவுக்குக் காசு. 2019-இல் ஐபிஎம் 34 பில்லியன் டாலர் கொடுத்து அந்த நிறுவனத்தை வாங்கியபோது, நகலெடுக்கத் தடையில்லாத நிரலுக்காக அவ்வளவு பணத்தைக் கொடுக்கவில்லை. ஆதரவு என்ற பண்டத்துக்குக் கொடுத்தது. ரெட் ஹாட்டின் நிரலிலிருந்தே உருவான சென்ட்ஓஎஸைப் பயன்படுத்தியவர்கள் நிரலை எடுத்துக்கொண்டார்கள், வாக்குறுதியை வாங்கவில்லை. தேதி முன்னால் இழுக்கப்பட்டபோது கேள்வி கேட்க அவர்களிடம் ஒப்பந்தம் எதுவும் இல்லை. ஆனாலும் உரிமம் அவர்களைக் கைவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். மூலநிரல் திறந்திருந்ததால் 2021-இலேயே அல்மாலினக்ஸும் ராக்கி லினக்ஸும் வந்துவிட்டன. விண்டோஸ் 10-க்கு அப்படி ஒரு வாரிசு வர வழியில்லை. அந்த நிரலைத் திருத்தும் உரிமை ஒரே கையில் இருக்கிறது. உரிமத்தின் வகை உண்மையாகவே முக்கியமாவது இந்த இடத்தில். முதல் காவலர் போனபின் இன்னொருவர் வரலாமா, கூடாதா என்பதை அதுதான் முடிவு செய்கிறது. வந்தே தீருவார் என்று எந்த உரிமமும் எழுதித் தராது.

தன்னார்வலர்களின் உதவி பல நேரம் கட்டண உதவியைவிட வேகமானது, கூர்மையானது என்று இதற்கு மறுப்பு வரும். கேள்விக்குப் பதில் சொல்வதில் அது உண்மைதான். ஆனால் பழைய பதிப்புக்கான திருத்தத்தை ஆண்டுக்கணக்கில், சலிப்பூட்டும் ஒழுங்கோடு வெளியிட்டுக்கொண்டிருப்பது வேறு வகை உழைப்பு. டெபியன் இதை ஒளிவுமறைவின்றி ஒப்புக்கொள்கிறது: ஒரு பதிப்பின் முதல் மூன்றாண்டுகளைத் திட்டத்தின் சொந்தக் குழுக்கள் கவனிக்கின்றன, அதற்குப் பிறகான நீண்டகால ஆதரவு, பெரும்பாலும் நிறுவனங்கள் தரும் நிதியில் ஊதியம் பெறுவோரால் நடக்கிறது.

'அப்படியே காலம் முடிந்தாலும் பெரிய ஆபத்து வந்தால் நிறுவனமே கைகொடுக்கும்' என்பது வலுவான இன்னொரு வாதம். 2017-ஐச் சான்றாகக் காட்டுவார்கள். வன்னாக்ரை என்ற தீநிரல் பரவியபோது, 2014 ஏப்ரல் 8 அன்றே ஆதரவு முடிந்திருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்கும் மைக்ரோசாஃப்ட் அவசரத் திருத்தம் வெளியிட்டது உண்மை. தேதிகளைப் பாருங்கள். ஆதரவில் இருந்த பதிப்புகளுக்குத் திருத்தம் வந்தது மார்ச் 14. தாக்குதல் தொடங்கியது மே 12. எக்ஸ்பிக்கான திருத்தம் பொதுவில் வந்தது அதற்குப் பிறகு. வீடு பற்றி எரிந்தபின் வந்த தண்ணீர் அது. ஆனால் அதே நிகழ்வு என் வாதத்துக்கும் ஒரு கடிவாளம் போடுகிறது. இங்கிலாந்தின் பொது மருத்துவச் சேவையில் 236 அறக்கட்டளைகளில் குறைந்தது 80 பாதிக்கப்பட்டன. அங்கே தொற்றிய கணினிகளில் பெரும்பாலானவை ஆதரவில் இருந்த, திருத்தம் மட்டும் ஏற்றப்படாத விண்டோஸ் 7. ஆதரவு இருந்தது, இரண்டு மாத அவகாசமும் இருந்தது, ஏற்றத்தான் ஆளில்லை. ஆகவே ஆதரவுத் தேதியைக் கேட்டு வாங்குவது பாதி வேலை. வந்த திருத்தத்தை யார், எத்தனை நாளுக்குள் ஏற்றுவது என்று உள்ளே ஒரு பெயரை எழுதிவைப்பது மீதி.

சிறிய பள்ளிக்கும் கூட்டுறவுச் சங்கத்துக்கும் இதற்கெல்லாம் பணம் ஏது என்ற கேள்வியைத் தள்ளிவிட முடியாது. டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கணினி விண்டோஸ் 11-க்குத் தகுதி பெறாது. வேலை செய்யும் இயந்திரத்தைத் தூக்கிப் போடச் சொல்வது கொடுமை. என் பதில், அவர்களுக்குத்தான் இந்தக் கேள்வி மிக அதிகம் தேவை. கல்வி நிறுவனங்களுக்கு இஎஸ்யு கட்டணம் முதலாண்டில் ஒரு கணினிக்கு 1 டாலர், பின்பு 2, பின்பு 4. தன் உரிமம் எந்த வகை என்று தெரியாத பள்ளி இதைக் கேட்கக்கூடத் தெரியாமல் நிற்கும். லினக்ஸுக்கு மாறுவதும் நல்ல வழிதான். சென்னை சி-டாக் உருவாக்கிய, டெபியனை அடிப்படையாகக் கொண்ட பாஸ் இருக்கிறது. ஐந்தாண்டுப் பராமரிப்பு தரும் உபுண்டு எல்டிஎஸ் இருக்கிறது. எதை எடுத்தாலும், இந்தப் பதிப்புக்கு எந்த மாதம் வரை திருத்தம் வரும், வரவில்லையென்றால் யாரைக் கேட்பது என்ற இரண்டுக்கும் விடை கிடைத்தபின் ஏற்றுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் இதைச் சட்டமாகவே ஆக்கிவிட்டது. 2024 டிசம்பரில் நடைமுறைக்கு வந்த சைபர் ரெசிலியன்ஸ் சட்டத்தின் முக்கியக் கடமைகள் 2027 டிசம்பர் 11 முதல் கட்டாயமாகும்போது, ஆதரவு முடியும் மாதத்தையும் ஆண்டையும் விற்கும்போதே வாங்குபவருக்குத் தெரியச் சொல்ல வேண்டும். இங்கே அப்படி ஒரு சட்டத்துக்குக் காத்திருக்கத் தேவையில்லை. டெண்டர் ஆவணம் நாம் எழுதுவது. அதில் உரிமத்தின் வகைக்குப் பக்கத்தில் இன்னும் மூன்று கட்டங்கள் சேர்க்கலாம்: பாதுகாப்புத் திருத்தம் தருபவர், அது முடியும் மாதம், அழைத்தால் எடுப்பவர். பழைய கணினிகளின் சொத்துப் பதிவேட்டிலும் இதே கட்டங்கள் வேண்டும். விண்டோஸ் 10 என்று ஒரே பெயரில் பதிவேட்டில் இருப்பவற்றுள் சாதாரணப் பதிப்பின் காலம் 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. நீண்டகாலப் பதிப்பான எல்டிஎஸ்சி 2021 என்றால் 2027 ஜனவரி வரை. அதன் ஐஓடி வகை என்றால் 2032 ஜனவரி வரை. உங்கள் பதிவேட்டில் எது எது என்று இந்த வாரமே பிரித்து எழுதத் தொடங்குங்கள்.