எட்டு அடி

"பேனாவ உள்ள வைங்கக்கா, சொல்றேன்."

அந்த அம்மா சொன்ன முதல் உண்மையான வார்த்தை இதுதான். அதுவரை இருபது நிமிடம் நான் கேட்டதற்கெல்லாம் "நல்லா பாத்துக்கறாங்க", "ஒரு கொறையும் இல்ல" என்றே பதில் வந்தது. ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து காட்டுமன்னார்கோயில் போகும் வழியில் பிரிந்து, வாய்க்கால் மதகைத் தாண்டிப் போனால் வரும் ஊர். பேர் வேண்டாம். ஆடிப்பட்டத்துக்கு விதை மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் சாக்கின் மேல் அவருடைய மகன் ஒருக்களித்துப் படுத்திருந்தான். ஒன்பது வயது, மூளை முடக்குவாதம். உடைத்த தோலை ஒவ்வொன்றாக எடுத்துக் கூடைக்குள் போடுவது அவன் வேலை. பத்தில் நான்கு உள்ளே விழுந்தது. விழும்போதெல்லாம் அம்மாவைப் பார்த்தான்.

என்னை அங்கே அழைத்துப் போனவர் என் தோழி. சிறப்புப் பயிற்றுநர். பல வருடமாக இந்தப் பக்கத்து ஊர்களில் குழந்தைகளுக்கு வீட்டுக்கே போய்ப் பயிற்சி கொடுப்பவர். சிறப்புத் தேவை உள்ள குழந்தைகளின் பெற்றோர் பள்ளியோடு எந்த அளவுக்குச் சேர்ந்து இயங்குகிறார்கள், பள்ளி அவர்களை எந்த அளவுக்குச் சேர்த்துக்கொள்கிறது என்று தெரிந்துகொள்ள, தானாகவே நான்கு பக்கத்துக்கு ஒரு கேள்வித்தாள் தயாரித்திருந்தார். "நான் கேட்டா யாரும் சொல்ல மாட்டாங்க. நான் பள்ளிக்கூடத்து ஆளு. நீங்க உக்காந்து பேசுங்க, நான் பசங்கள பாத்துக்கறேன்" என்றார். 2025 ஆடியில் மூன்று நாள், பதினொரு வீடு.

கேள்வித்தாளில் ஆறாவது கேள்வி: கடந்த கல்வி ஆண்டில் எத்தனை முறை பள்ளிக்குச் சென்றீர்கள்? ஒருமுறைகூட இல்லை, 1 முதல் 3, 4 முதல் 6, அதற்கு மேல். அந்த அம்மா "தெனமும்" என்றார். எனக்கு சந்தோஷம். கடைசிக் கட்டத்தில் டிக் போட்டேன். தினமும் பள்ளிக்குப் போகிற தாய், இதைவிட என்ன ஈடுபாடு வேண்டும்! பேனா உள்ளே போன பிறகுதான் "எதுக்குப் போவீங்க?" என்று கேட்கத் தோன்றியது.

"ஒண்ணுக்கு அழைச்சிட்டுப் போவத்தான்."

காலையில் ஒன்பது மணிக்குப் பையனை இடுப்பில் தூக்கிக்கொண்டு போவார். வகுப்பில் உட்காரவைத்துவிட்டு, வெளியே புங்கமரத்தடியில் உட்கார்ந்துகொள்வார். பதினொரு மணிக்கு ஒருமுறை, சாப்பாட்டு நேரத்தில் ஒருமுறை, மூன்று மணிவாக்கில் ஒருமுறை அவனைத் தூக்கிக்கொண்டு கழிப்பறைக்குப் போவார். உட்காரும் கோப்பை வைத்த கழிப்பறை ஒன்று அந்தப் பள்ளியில் இருக்கிறது. அதில் துடைப்பமும் பழைய நாற்காலியும் கிடக்கின்றன. மற்றதில் அவனால் குந்த முடியாது. அம்மாதான் பின்னாலிருந்து தாங்கிப் பிடிக்க வேண்டும். நாலு மணிக்கு மறுபடி இடுப்பில். இவ்வளவு நேரம் பள்ளிக்குள் இருந்தும், வகுப்பறைக்குள் அவன் என்ன செய்கிறான் என்று அவருக்குத் தெரியாது. மரத்தடியிலிருந்து பார்த்தால் கதவின் பாதி தெரியும். அவன் உட்காரும் இடம் மறுபாதியில்.

நூறு நாள் வேலைக்குப் போக முடிகிறதா என்று கேட்டேன். ஒரு வாரம் போய்ப் பார்த்தாராம். அங்கே காலையில் ஒரு போட்டோ, வேலை முடிகையில் ஒரு போட்டோ, இரண்டிலும் முகம் இருந்தால்தான் கூலி. நடுவில் பள்ளிக்கு ஓடி வந்தவருக்கு இரண்டாவது போட்டோ கிடைக்கவில்லை. 2025-26க்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். ஒரு பிள்ளையை மூன்று முறை கழிப்பறைக்கு அழைத்துப் போக, எங்கள் பக்கத்தில் ஒரு தாய் கொடுக்கிற விலை இது.

என் டிக்கைப் பார்த்தேன். அந்தத் தாளை யாராவது கூட்டிக் கழித்துக் கணக்குப் போட்டால், பதினொரு பேரில் பள்ளியோடு மிக அதிகமாக ஒன்றியிருக்கும் பெற்றோர் இவர்தான் என்று வரும்.

குழந்தைகளை எண்ணுவதில் நாம் குறை வைப்பதில்லை. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் எல்லா வயதினரையும் சேர்த்து மாற்றுத்திறனாளிகள் 11.79 லட்சம் பேர். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், பள்ளி வயதுக் குழந்தைகளில் மாற்றுத்திறன் உள்ளவர்களைக் கண்டறிய ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை கணக்கெடுக்க வேண்டும் என்கிறது. வட்டார வள மையத்திலிருந்து கோடை விடுமுறைக்கு முன்னும் பின்னும் பள்ளி செல்லாக் குழந்தைகளைத் தேடி வீடு வீடாகப் போகிறார்கள். அந்த வெயிலில் நடக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் உழைப்பு பெரிது. பெயர், வயது, 21 வகைக் குறைபாட்டில் எது, எத்தனை சதவீதம், அடையாள அட்டை உண்டா, எல்லாம் கல்வித் துறையின் எமிஸ் இணையத் தளத்தில் ஏறிவிடும். அந்தப் பிள்ளையை ஒன்பது வருடம் தூக்கி வளர்த்தவளிடம் "உனக்கு என்ன தெரியும், பள்ளி உன்னிடம் என்ன கேட்டது" என்று கேட்க அதில் ஒரு கட்டம் கிடையாது. அவர் கையெழுத்துக்குத்தான் இடம் இருக்கிறது.

சட்டத்தில் அவருக்கு இடம் உண்டு என்பதுதான் என்னை அதிகம் வருத்துகிறது. கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் 1 முதல் நடப்பில் இருக்கிறது. அதன்படி பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப்பேர் பெண்கள், நலிந்த பிரிவுக் குழந்தைகளின் பெற்றோருக்கு அவர்கள் விகிதத்துக்கு ஏற்ற இடம். 2012இல் வந்த திருத்தம் மாற்றுத்திறன் குழந்தைகளையும் அந்தப் பிரிவில் சேர்த்தது. ஆக அந்த அம்மா மரத்தடியில் உட்கார வேண்டியவர் இல்லை, குழுக் கூட்டத்தில் நாற்காலியில் உட்கார வேண்டியவர். பதினொரு வீட்டில் ஒரே ஒருவர் குழு உறுப்பினர். "வீட்டுக்கே நோட்டு வந்துச்சு, கையெழுத்துப் போட்டேன். என்ன கூட்டம்க்கா அது?" என்று என்னையே கேட்டார். கூட்டம் வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல். நடவு நாளில், களை எடுக்கிற நாளில், அந்த நேரத்துக்கு யார் வருவார்கள்? பாதி வீடுகளில் அப்பா திருப்பூரில். ஒரு வீட்டில் அம்மாவும் அங்கேதான். பிள்ளை ஆயாவிடம் வளர்கிறது.

ஏன் எல்லோரும் "நல்லா பாத்துக்கறாங்க" என்கிறார்கள்? பயம் என்று ஒரு சொல்லில் முடித்துவிடலாம், ஆனால் நான் கண்டது அதைவிட வேறு மாதிரி. "பையன சேத்துக்கிட்டதே பெருசுக்கா" என்று மூன்று பேர், ஒருவரை ஒருவர் அறியாதவர்கள், ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். பள்ளியில் இடம் கிடைத்ததை ஒரு உபகாரமாகவே எண்ணுகிறார்கள். பெரிய மனிதர் செய்த உதவியில் குறை சொல்வது எங்கள் ஊரில் வழக்கமில்லை. அது உபகாரம் இல்லை, பாகுபாடு காட்டாமல் சேர்ப்பதும், வேண்டிய வசதி செய்வதும், வந்து போக ஏற்பாடு செய்வதும், ஒவ்வொரு பிள்ளையின் தேர்ச்சியையும் கவனிப்பதும் 2016ஆம் ஆண்டுச் சட்டத்தின் 16ஆம் பிரிவு பள்ளி மேல் வைத்த கடமை என்று யாரும் அவர்களிடம் உட்கார்ந்து சொன்னதில்லை. பயணப் படி, துணைக்கு வருபவருக்கான படி என்று ஒருங்கிணைந்த கல்வித் திட்டத்தில் இருப்பதை ஏழு வீட்டில் முதன்முதலாக எங்கள் வாயால்தான் கேட்டார்கள்.

கேள்வித்தாளின் வடிவத்திலும் கோளாறு இருக்கிறது. ஆய்வுக்காக எம்.எட். மாணவர்கள் கொண்டுவரும் தாள்களில் "முற்றிலும் ஏற்கிறேன், ஏற்கிறேன், கருத்து இல்லை" என்று ஐந்து கட்டம் இருக்கும். எங்கள் தாளின் மூன்றாம் பக்கமும் அப்படித்தான். ஒரு ஆயா என் கையைத் தட்டி, "நல்லதா பாத்து நீயே போட்டுக்க கண்ணு" என்றார். அந்தப் பக்கத்தை அன்றைக்கே கிழித்துவிட்டோம்.

அமெரிக்காவில் 1975இல் மாற்றுத்திறன் குழந்தைகளின் கல்விக்கென்று தனிச் சட்டம் வந்தது. ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிக் கல்வித் திட்டம் எழுத வேண்டும், எழுதும் மேசையில் பெற்றோரும் உட்கார வேண்டும் என்றது. 2004இல் அதைத் திருத்திய பிறகு, ஒவ்வொரு மாநிலமும் ஆண்டுதோறும் ஒரு கணக்குக் கொடுக்க வேண்டியதாயிற்று. பிள்ளைக்கான சேவை மேம்படப் பெற்றோர் ஈடுபடுவதற்குப் பள்ளி வழி செய்ததா, செய்தது என்று நூற்றுக்கு எத்தனை பெற்றோர் சொல்கிறார்கள் என்ற கணக்கு. அங்கேயும் படிவத்தை நிரப்பித் திருப்பி அனுப்பாத பெற்றோர் ஏராளம். அந்த ஊர் வசதியும் நம் ஊர் வசதியும் ஒன்றல்ல. இருந்தாலும் அந்தக் கேள்வி எங்கே பார்த்து நிற்கிறது என்பதைக் கவனித்தேன். பள்ளியைப் பார்த்து நிற்கிறது. நம் ஆறாவது கேள்வி அம்மாவைப் பார்த்து நின்றது. "எத்தனை முறை வந்தாய்" என்று கேட்டது. "எத்தனை முறை உன்னை உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்கள்" என்று கேட்டிருந்தால் பதில் வேறு.

இதை எழுதும்போது என் அம்மா நினைவுக்கு வருகிறார். என் தம்பிக்குக் காது கேட்காது. 1980களில் பக்கத்து ஊர்ப் பள்ளியில் படித்தான். அம்மா அவனை வாசல்வரை கொண்டுபோய் விடுவார், வாசலோடு திரும்பிவிடுவார். உள்ளே போகலாம் என்று அவருக்கும் தெரியாது, வாங்க என்று யாரும் கூப்பிட்டதும் இல்லை. தம்பிக்கு வலது காதில் கொஞ்சம் கேட்கும். அம்மா எப்போதும் அவன் வலப்பக்கம் வந்து நின்றுதான் கூப்பிடுவார். வகுப்பில் அவனை வலது சுவரோரம் கடைசியில் உட்காரவைத்திருந்தார்கள். சுவரைத்தான் அந்தக் காது கேட்டுக்கொண்டிருந்தது. இரண்டு வருடம் கழித்து, ஒரு சுதந்திர தினத்தன்று மிட்டாய் வாங்கப் போன நான் பார்த்துவிட்டு வந்து சொன்னேன். அம்மா அன்று சாப்பிடவில்லை. அந்த ஆசிரியர் கெட்டவர் இல்லை. ஒரு கேள்வி, ஒரே ஒரு கேள்வி கேட்டிருந்தால் அவனை இடப்பக்கத்து முன்வரிசையில் வைத்திருப்பார்.

அந்தப் பதினொரு வீட்டிலும் அப்படி ஒன்று இருந்தது. வலிப்பு வரும் ஒரு பெண் குழந்தை. வருவதற்குச் சற்று முன்னால் பாவாடை ஓரத்தைக் கட்டைவிரலால் தேய்க்க ஆரம்பிக்கும் என்று அம்மா சொன்னார். அப்போதே பாயில் சாய்த்துவிட்டால் விழுந்து அடிபடாது. பள்ளியில் அது இரண்டு முறை மண்டையில் அடிபட்டிருக்கிறது. ஆயாவிடம் வளரும் பையனுக்கு எண் வராது என்று பள்ளியில் விட்டுவிட்டார்கள். ஆயா முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டி "பன்னெண்டு குடு" என்றார். எண்ணிக் கொடுத்தான். பதிமூன்றாவதைக் கையில் எடுத்து, யோசித்து, திரும்பக் கீழே வைத்தான். கொட்டை கையில் இருந்தால் அவனுக்கு எண் இருக்கிறது. என் தோழி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார். நான்கு வருடமாக அந்த வீட்டுக்குப் போகிறவர் அவர்.

ஆகவே சில விஷயங்களை நாங்கள் மாற்றினோம். பள்ளியில் வைத்துக் கேட்பதில்லை, வீட்டில்தான். பள்ளியோடு சம்பந்தம் இல்லாத ஒருவர் கேட்க வேண்டும், முடிந்தால் அதே மாதிரி ஒரு பிள்ளையை வளர்த்த தாய். பொழுது சாய்ந்த பிறகு போக வேண்டும். முதல் கேள்வி பிள்ளைக்கு என்ன பிடிக்கும் என்பது. குறைபாடு பற்றிய கேள்வி கடைசிக்குப் போனது. எழுதியதை அவர்களுக்கே திரும்பப் படித்துக் காட்ட வேண்டும். இந்தக் கடைசி விஷயம் எங்கள் யோசனை இல்லை. மல்லாட்டை உடைத்துக்கொண்டிருந்த அம்மா சொல்லித்தான் சேர்த்தோம்.

அவர் நிறையச் சொன்னார். பையன் கைக்குழந்தையாக இருந்தபோது மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பூவராகர் கிள்ளைக் கடலுக்குத் தீர்த்தவாரிக்குப் போகையில் பின்னாலேயே இவனையும் தூக்கிப்போய் முழுக்காட்டியது, பிறகு சிதம்பரத்துக்கும் கடலூருக்கும் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக அலைந்தது, மாதம் 2,000 ரூபாய் உதவித்தொகைக்கு எழுதிப் போட்டது. பிறகு பேனாவை எடுக்கச் சொன்னார். நான் எழுதி முடித்ததும், "என்ன எழுதியிருக்கீங்கன்னு படிங்க" என்றார். இவ்வளவு வருடம் எத்தனையோ பேர் வந்து எழுதிப் போயிருக்கிறார்கள், அந்தத் தாளில் என்ன இருந்தது என்று அவருக்கு ஒருமுறைகூட யாரும் படித்துக் காட்டியதில்லையாம்.

படித்தேன். வயது, வகுப்பு, கழிப்பறை, போட்டோ எல்லாவற்றுக்கும் தலையாட்டிக்கொண்டே வந்தார். "நடக்க இயலாது" என்ற இடத்தில் கையைக் காட்டி நிறுத்தினார்.

"யாரு சொன்னா? சொவுத்தப் புடிச்சிட்டு எட்டு அடி நடப்பான். போன மாசம் ஆறு. அத எழுதுங்க."

அடித்துவிட்டு எழுதினேன். எழுத்து எழுத்தாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பையன் கூடைக்குள் ஒரு தோலைப் போட்டான்.